ஒரு விரல் பிரேக்!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் போகிறீர்கள். திடீரென்று சந்துக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக்குட்டி துள்ளிக் குதித்து ரோட்டுக்கு வந்துவிட்டது. பிரேக் பிடிக்கிறீர்கள். சைக்கிள் எவ்வளவு தூரம் ஓடிப்போய் நிற்கும்?

"பிரேக் பிடித்த உடனேயே நின்றுவிடும்" என்று சொன்னால் தப்பு! கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மணிக்கு 18 கி.மீ. என்றால் நொடிக்கு 5 மீட்டர். ஆட்டுக்குட்டியைக் கண் பார்த்து, மூளை யோசித்து, விரல் பிரேக்கை அழுத்த சுமார் 1 நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் 5 மீட்டர் போய்விடுவீர்கள். அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யவே ஆரம்பிக்கும். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் சுமார் 2.5 மீட்டர் வேண்டும். மொத்தம் ஏழரை மீட்டர்!

வேகத்தை இரண்டு மடங்காக்கினால்? யோசிக்கும் நேரத்தில் 10 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டர் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அது 10 மீட்டர்! வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் 4 மடங்காகும். மொத்தம் 20 மீட்டர். அதற்குள் ஆட்டுக்குட்டியின் கதி?

இதனால்தான் சைக்கிளில் கியரை விட, ஸ்டிக்கரை விட, மணியை விட முக்கியமானது பிரேக். இப்போது கடைகளில் "டிஸ்க் பிரேக் சைக்கிள்" நிறைய வந்துவிட்டன. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வயரால் இழுபடுவது. இன்னொன்று எண்ணெயால் இயங்குவது. இரண்டாவதற்குப் பெயர் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். வயர் வகையைக் கழற்றிவிட்டு எண்ணெய் வகையை மாட்ட முடியுமா? மாட்டினால் என்ன லாபம்? யாருக்கு அது தேவை? வாருங்கள், பார்க்கலாம்.

ரப்பர் கட்டையிலிருந்து இரும்புத் தட்டு வரை

தாத்தா காலத்து சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பிரேக்குக்கு வயரே கிடையாது. நீளமான இரும்புக் கம்பிகள்தான் இருக்கும். பிறகு வந்ததுதான் பிரேக் வயர். உறைக்குள் ஓடும் இந்த வயருக்கு 1896-ஆம் ஆண்டு காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். வளைந்து நெளிந்து போகும் உறைக்குள்ளும் வயர் இழுபடும் என்பதுதான் அதன் அழகு. இன்றைக்கும் சாதாரண சைக்கிள்களில் ஓடுவது அதே வயர்தான்.

சாதாரண சைக்கிளில் அந்த வயர், இரண்டு ரப்பர் கட்டைகளை இழுத்து சக்கரத்தின் ரிம்மில் அழுத்தும். மழை பெய்தால் ரிம் நனையும். சேறும் தண்ணீரும் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் புகுந்து வழுக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க, சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்!

டிஸ்க் பிரேக்கில் ரிம்மை யாரும் தொடுவதில்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு மெல்லிய இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். பொதுவாக 160 மி.மீ. அல்லது 180 மி.மீ. விட்டம் இருக்கும். தட்டின் மேல் கவ்விக்கொண்டிருக்கும் கிடுக்கிக்குப் பெயர் காலிப்பர். அதற்குள் இரண்டு சிறிய பேடுகள் இருக்கும். பிரேக் பிடித்தால் பேடுகள் தட்டை இறுக்கிப் பிடிக்கும். தட்டு ரோட்டுத் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், மழையிலும் நன்றாகப் பிடிக்கும்.

1953-இல் பிரான்ஸ் நாட்டின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார்தான் முதலிடம் பிடித்தது. பந்தயக் காரிலிருந்து சாதாரணக் காருக்கும், பைக்குக்கும் வந்து, கடைசியில் நம் சைக்கிளுக்கும் வந்துவிட்டது இந்தத் தட்டு.

வயருக்கு என்ன குறை?

வயரால் இயங்கும் டிஸ்க் பிரேக் மோசமானது இல்லை. ஆனால், அதற்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, உரசல். வயர் உறைக்குள் உரசிக்கொண்டே போகிறது. உள்ளே தூசியும் துருவும் சேரச் சேர உரசல் கூடும். உங்கள் விரல் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கை வழியிலேயே வயர் தின்றுவிடுகிறது.

இரண்டாவது, விட்டுக்கொடுத்தல். பலமாக இழுத்தால் வயர் கொஞ்சம் நீளும். உறை கொஞ்சம் நசுங்கும். அந்த இழுப்பெல்லாம் வீண்தானே!

மூன்றாவது, ஒற்றைக் கை வேலை. வயர் டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் ஒரு பேடு மட்டுமே நகரும். அது தட்டைத் தள்ளி, லேசாக வளைத்து, எதிர்ப்பக்கம் சும்மா நிற்கும் பேடோடு சேர்த்து அழுத்தும். பேடு தேயத் தேய நாம்தான் திருகைத் திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால், லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். சைக்கிள் மட்டும் நிற்காது.

எண்ணெய் என்ன செய்யும்? நீங்களே செய்து பாருங்கள்!

மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றும், 20 மில்லி சிரிஞ்ச் ஒன்றும் வாங்கித் தரச் சொல்லுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம். சிரிஞ்ச் மட்டும் போதும். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூப் ஒரு அடி நீளத்துக்கு வேண்டும்.

பெரிய சிரிஞ்சில் பாதி அளவும், சின்ன சிரிஞ்சில் முழுவதும் தண்ணீர் நிரப்புங்கள். டியூபையும் தண்ணீரால் நிரப்பி, இரண்டு சிரிஞ்சுகளையும் அதன் இரு முனைகளில் செருகுங்கள். உள்ளே காற்றுக்குமிழியே இருக்கக் கூடாது.

இப்போது சின்ன சிரிஞ்சை அழுத்துங்கள். பெரியது உடனே வெளியே நகர்கிறதா? டியூபை எப்படி வளைத்தாலும் அதே வேகத்தில்தான் நகரும்.

அடுத்து, சின்ன சிரிஞ்ச் உங்களிடம் இருக்கட்டும். பெரியதை உங்கள் அண்ணனிடம் கொடுத்து, "தள்ளு, பார்க்கலாம்!" என்று சவால் விடுங்கள். அண்ணன் எவ்வளவு முக்கினாலும் நீங்கள் எளிதாகச் சமாளிப்பீர்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது தெரியும் சேதி!

கடைசியாக, டியூபைக் கழற்றி உள்ளே கொஞ்சம் காற்றை விட்டு மறுபடி மாட்டுங்கள். சின்ன சிரிஞ்சை அழுத்திப் பாருங்கள். ஸ்பாஞ்சை அமுக்குவது போல மெத்தென்று இருக்கிறதா? நீங்கள் அழுத்தியும் பெரிய சிரிஞ்ச் உடனே நகரவில்லையே, ஏன்? காற்றை அமுக்க முடியும். தண்ணீரை அப்படி அமுக்க முடியாது. உங்கள் பலமெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிட்டது. இந்த மூன்றாவது பகுதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது.

பாஸ்கல் சொன்ன ரகசியம்

நீங்கள் செய்து பார்த்ததை விதியாகச் சொன்னவர் பிளெய்ஸ் பாஸ்கல். 1623-இல் பிரான்சில் பிறந்தவர். இளவயதிலேயே கூட்டல், கழித்தல் போடும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியவர். 39 வயதில் இறந்துபோனார். திரவங்களைப் பற்றி அவர் எழுதியது அவர் இறந்த பிறகு 1663-இல்தான் அச்சானது. அழுத்தத்தை அளக்கும் அலகுக்கே இன்று "பாஸ்கல்" என்றுதான் பெயர்.

அவர் சொன்னது இதுதான்: மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். அதனால் பரப்பு அதிகமுள்ள பிஸ்டனில் அதிக பலம் கிடைக்கும்.

சைக்கிளுக்கு வருவோம். பிரேக் லீவருக்குள் 10 மி.மீ. விட்டமுள்ள சின்ன பிஸ்டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலிப்பரில் 22 மி.மீ. பிஸ்டன் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக. 10 பெருக்கல் 10, 100. 22 பெருக்கல் 22, 484. ஆக, லீவர் பிஸ்டனைத் தள்ளும் பலத்தைப் போலக் கிட்டத்தட்ட 5 மடங்கு பலத்தோடு ஒவ்வொரு பேடும் தட்டை அழுத்தும்!

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. பலம் கூடினால் தூரம் குறையும். சின்ன பிஸ்டன் நிறைய நகர்ந்தால்தான் பெரிய பிஸ்டன் கொஞ்சம் நகரும். ஆனால் பேடுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மி.மீட்டர்கூடக் கிடையாதே! கொஞ்சம் நகர்ந்தாலே போதும்.

வயர் பிரேக்கிலும் நெம்புகோல் இருக்கிறது. அதுவும் பலத்தைப் பெருக்கும். ஆனால் பாதி வழியில் உரசலுக்குத் தானம் கொடுத்துவிடும். எண்ணெயில் அந்த வீண் செலவு மிகக் குறைவு. இரண்டு பேடுகளும் சேர்ந்து நகரும். பேடு தேய்ந்தால் பிஸ்டன் தானே கொஞ்சம் முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். அதனால்தான் ஒரே ஒரு விரலால் சைக்கிளை நிறுத்த முடிகிறது.

மாற்றுவதற்கு முன்னால்...

ஆசையாக இருக்கிறது, இல்லையா? பொறுங்கள். முதலில் சைக்கிளைப் பரிசோதியுங்கள்.

* ரிம் பிரேக் சைக்கிளில் காலிப்பர் பொருத்தும் இடமும், தட்டு மாட்டும் சக்கர நடுப்பகுதியும் இருக்காது. அதில் இந்த மாற்றம் வேண்டாம். ஏற்கெனவே வயர் டிஸ்க் உள்ள சைக்கிளே இதற்கு ஏற்றது.

* தட்டு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதில் சுமார் 1.8 மி.மீ. தடிமன் இருக்கும் தட்டு, 1.5 மி.மீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். புது பேடு அந்தத் தட்டுக்கு ஏற்றதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில தட்டுகளில் உலோகத் துகள் கலந்த பேடு போடக் கூடாது.

* கியர் மாற்றும் பட்டனும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக இருக்கிறதா? அப்படியென்றால் கியர் பட்டனையும் தனியாக வாங்க வேண்டி வரும். செலவு கூடும்.

* காலிப்பர் மாட்டும் முறை எல்லாச் சைக்கிளிலும் ஒன்றல்ல. கடைக்குச் சைக்கிளையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

புதிதாக மாட்டப்படுவது மூன்று பொருட்கள்: எண்ணெய்த் தொட்டியுள்ள லீவர், வயருக்குப் பதிலாக எண்ணெய்க் குழாய், புது காலிப்பர். பழைய லீவர் இதற்கு உதவாது.

மெக்கானிக் அண்ணா வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய லீவர், வயர், காலிப்பரைக் கழற்றுவார். புதியவற்றைப் பொருத்துவார். காலிப்பர் திருகுகளை லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி இறுக்குவார். ஏன் தெரியுமா? அழுத்தும்போது காலிப்பர் தட்டுக்கு நேர் நடுவில் வந்து உட்காரும். பிறகு சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்பார். "சர்... சர்..." என்று உரசினால் மறுபடியும் சரிசெய்வார்.

குமிழிதான் வில்லன்!

பல பிரேக்குகள் எண்ணெய் நிரப்பியே வரும். ஆனால் குழாய் உங்கள் சைக்கிளுக்கு நீளமாக இருந்தால் வெட்ட வேண்டும். வெட்டும்போது உள்ளே காற்று புகலாம். சிரிஞ்ச் சோதனையில் பார்த்தீர்களே, அதேதான்! ஒரு சின்னக் குமிழி போதும், பிரேக் மெத்தென்று ஆகிவிடும். குமிழிகள் நிறைய இருந்தால் பிரேக்கே பிடிக்காது.

அதனால் "காற்று எடுப்பது" என்று ஒரு வேலை உண்டு. சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றிவைத்துவிட்டு, கீழே காலிப்பரிலிருந்து சிரிஞ்ச் வழியாக எண்ணெயை மெதுவாக மேலே தள்ளுவார்கள். குமிழிகள் ஒவ்வொன்றாக லீவர் பக்கம் வந்து வெளியேறும். ஒரு குமிழியும் வராத வரை இதைச் செய்வார்கள். இதில் அவசரம் கூடாது.

எண்ணெயிலும் இரண்டு சாதி உண்டு. ஷிமானோ, மகுரா போன்ற நிறுவனங்களின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். வேறு சில பிரேக்குகளுக்கு, கார்களில் ஊற்றும் டாட் வகைத் திரவம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். பிறகு எண்ணெய் கசியும். எது ஊற்ற வேண்டும் என்று லீவரிலேயே எழுதியிருக்கும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் கூடவே கூடாது!

டாட் திரவத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதை போன்ற இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டும் காலிப்பரும் கடுமையாகச் சூடாகும். உள்ளே திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மறுபடியும் அதே வில்லன்! அதனால்தான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றிய முதல் நாள்

புது பேடு முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. ஆளில்லாத மைதானத்தில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி மெல்ல வேகத்தைக் குறையுங்கள். சுமார் 20 முறை இப்படிச் செய்தால், பேடின் மெல்லிய படலம் தட்டில் ஒட்டும். பிறகுதான் பிரேக் தன் முழுத் திறமையைக் காட்டும்.

எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்பதையும் அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வயர் பிரேக்கில் நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்துப் பழகியிருப்பீர்கள். அதே பழக்கத்தில் புது பிரேக்கைப் பிடித்தால், முன் சக்கரம் சட்டென்று நின்று நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துவிடுவீர்கள்! இரண்டு பிரேக்கையும் சேர்த்து, ஒரு விரலால், மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக அழுத்த வேண்டும்.

இவற்றைச் செய்யாதீர்கள்!

* ஓட்டி முடித்ததும் தட்டைத் தொடாதீர்கள். சுடும். சுழலும்போது விரலைக் கொண்டுபோகவே கூடாது.

* தட்டிலும் பேடிலும் எண்ணெய் படக் கூடாது. செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போது தட்டைத் துணியால் மூடுங்கள்.

* சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள். நடுவில் தட்டு இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும்.

* சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினீர்களா? தொட்டியிலுள்ள காற்று குழாய்க்குள் போகலாம். நேராக நிறுத்தி, லீவரைச் சில முறை அழுத்தி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.

சரி, எனக்கு இது தேவையா?

நல்ல கேள்வி! பள்ளிக்கும் டியூஷனுக்கும் சமதளத்தில் மெதுவாகப் போகிறவர்களா நீங்கள்? அப்படியென்றால் முதலில் பிரேக் வயரையும் உறையையும் பேடையும் புதிதாக மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு. பாதிப் பிரச்னை அதிலேயே தீர்ந்துவிடும். வயரை எந்த ஊர் சைக்கிள் கடையிலும் சரிசெய்துவிடலாம். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று எடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டே அதை வாங்க வேண்டும்.

மலைப் பகுதியில் இருப்பவர்கள், வேகமாகத் தூரப் பயணம் போகிறவர்கள், கை சிறியதாக இருப்பதால் லீவரை அழுத்தச் சிரமப்படுகிறவர்கள் ஆகியோருக்கு எண்ணெய் பிரேக் பெரிய உதவி.

ஆனால், எந்த பிரேக்காலும் செய்ய முடியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. சைக்கிளை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், உலகத்திலேயே உசத்தியான பிரேக் போட்டாலும் சறுக்கிக்கொண்டுதான் போகும். ரோட்டில் மணலோ ஈரமோ இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று, முதலில் போட்ட கணக்கு. ஏழரை மீட்டரில் 5 மீட்டர் நீங்கள் பார்த்து யோசிப்பதிலேயே போனது அல்லவா? அந்த 5 மீட்டரைக் குறைக்க எந்தக் கடையிலும் பொருள் கிடைக்காது. கண்ணை ரோட்டில் வைப்பதும், சந்து முனைகளில் வேகத்தைக் குறைப்பதும், விரலை லீவர் மேல் தயாராக வைப்பதும்தான் வழி.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சைக்கிளில் எந்த பிரேக் இருந்தாலும் பரவாயில்லை. ஏறுவதற்கு முன் இரண்டு லீவர்களையும் அழுத்தி மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? எண்ணெய் பிரேக் என்றால், எண்ண எண்ண மெதுவாக உள்ளே இறங்குகிறதா? அப்படியானால் இன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போங்கள். கெட்டியாக நின்றதா? டயரில் காற்று பார்த்துவிட்டு, ஜாலியாகக் கிளம்புங்கள்!